வாசகர் கேள்வி பதில்: தலையில பிறை இருக்கா பாருங்க

கேள்வி: பாரிஸ் லூவர் மியூசியத்துல மான் பக்கத்துல வேகமா நடந்து வர்ற மாதிரி ஒரு பொண்ணு சிலை, டயானான்னு போட்டிருக்கு. இன்னொரு ஓவியத்துல வில்லும் இல்ல மானும் இல்ல, அதுவும் டயானாவாம். எப்படிங்க அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பதில்: டயானாங்கிறது ரோமானியரோட வேட்டை தெய்வம். சிலைன்னா ஈஸி. முழங்கால் தெரியுற சின்ன டிரெஸ், முதுகுல அம்பறாத்தூணி, வலது கை அம்பை உருவப் போகுது. அது கிரேக்க வெண்கலச் சிலை ஒண்ணைப் பார்த்து ரோமானியர் காலத்துல பளிங்குல செஞ்சது, 1556ல போப் நாலாம் பால் பிரான்ஸ் ராஜா ரெண்டாம் ஹென்றிக்குக் கொடுத்தாரு, அந்த ராஜாவோட காதலி பேரும் டியான் தான், ராஜாவோட சின்னமும் பிறை தான்!

நீங்க சொல்ற ஓவியம் அனேகமா டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்சது, நெதர்லாந்துல ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துல இருக்கு. தலையில சின்னதா ஒரு பிறை இருக்கும், அதுதான் அடையாளம். எனக்கு எல்லா டயானாவையும் விட இவளைத்தான் பிடிக்கும், ஏன்னா வேட்டை, கோபம், ஓட்டம் எதுவுமே இல்ல, மஞ்சள் டிரெஸ்ல உட்கார்ந்திருக்கா, ஒரு தோழி மண்டி போட்டு அவ காலைக் கழுவுறா, பக்கத்துல ஒரு நாய், கீழ ஒரு பித்தளைத் தாம்பாளம், யாரும் யாரோடயும் பேசல, அவ்வளவு அமைதி. வெர்மீருக்கு அப்போ இருபது வயசு தாண்டி கொஞ்சம்தான் ஆகியிருக்கும். 1876ல மியூசியம் வாங்கினப்போ வேற ஓவியர் வரைஞ்சதுன்னு நினைச்சுத்தான் வாங்கினாங்க. மேல இருந்த நீல வானம் கூட 19ஆம் நூற்றாண்டுல யாரோ சேர்த்ததுன்னு பின்னாடி தெரிஞ்சு அதை மறைச்சுட்டாங்க.

கேள்வி: வேட்டைக்காரிக்கு எதுக்கு நிலா?

பதில்: கிரேக்கர்கள்கிட்ட நிலாவுக்கு செலினின்னு தனி தெய்வம், வேட்டைக்கு ஆர்ட்டெமிஸ். காலப்போக்குல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, ஆர்ட்டெமிஸ் ரோம்ல டயானா. அதனாலதான் கல்யாணமே வேண்டாம்னு இருக்கிற டயானா, தூங்குற எண்டிமியன்ங்கிற இளைஞன் மேல ஆசைப்படுற மாதிரியும் படங்கள் இருக்கு, அது உண்மையில செலினி கதை.

கேள்வி: வேட்டைக்காரன் ஆக்டியான் தெரியாமத்தானே டயானா குளிக்கிற இடத்துக்கு வந்தான், அவனை மானா மாத்தி அவனோட நாய்ங்களே கடிச்சுக் கொல்றது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான். கதையை எழுதின ரோமானியக் கவிஞர் ஓவிட்டே அது அவன் விதி, குத்தம் இல்லைன்னு சொல்லிடுறாரு. இத்தாலிய ஓவியர் டிஷியன் இதை ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப்புக்காக 1556-59ல வரைஞ்சாரு. இடது பக்கம் அவன் திரையை விலக்கிட்டு அப்படியே திகைச்சு நிக்கிறான், வலது பக்கம் டயானா துணியால மறைச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பார்க்கிற பார்வை இருக்கே, தண்டனை அதுலயே ஆரம்பிச்சாச்சு. நடுவுல தூண் மேல ஒரு மான் மண்டையோடு, அதை அவன் இன்னும் கவனிக்கல, நாம கவனிச்சுட்டோம், அதான் மனசைப் பிசையுது.

அவன் சாகுறதைத் தனியா வரைஞ்சாரு, அது பிலிப்புக்குப் போகவே இல்ல. அதுல தலை மட்டும் மான், உடம்பு இன்னும் மனுஷன், நாய்ங்க மேல பாயுது. ஓவிட் கதையில டயானா அந்த இடத்துல வில்லோட நிக்கவே மாட்டா, டிஷியன்தான் அவளைப் பெருசா முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினாரு, ஆனா அந்த வில்லுல நாண் கண்ணுக்குத் தெரியாது! எனக்கு அந்தப் படம் முதல் படத்தை விட உக்கிரமாத் தெரியும், பிரஷ் அவ்வளவு முரட்டுத்தனமா ஓடியிருக்கு.

நேர்ல பார்க்கணும்னா இந்த ரெண்டாவது படம் லண்டன் நேஷனல் கேலரியோடது. முதல் படத்தை 2009ல 5 கோடி பவுண்டுக்கு லண்டனும் ஸ்காட்லாந்தும் சேர்ந்து வாங்கினதால ரெண்டு இடத்துலயும் மாத்தி மாத்தி வைப்பாங்க, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இப்போ எங்க இருக்குன்னு பார்த்துக்கோங்க.