மாத்திரையில் கன உலோகம் பார்க்கும்போது பாதரசத்தின் ரெகவரி (சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு) மட்டும் ஏன் குறைகிறது?

நீங்கள் எழுதியிருப்பது இது: மாத்திரைப் பொடியில் நைட்ரிக் அமிலம் ஊற்றி, திறந்த பீக்கரில் ஹாட் பிளேட் மேல் கொதிக்கவைத்து, ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிமங்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுகிறீர்கள். ஈயம், காட்மியம் எல்லாம் ஒழுங்காக வருகின்றன, பாதரசம் பாதிகூட வருவதில்லை.

கருவியைத் தொடாதீர்கள், முதலில் அந்த பீக்கரை மாற்றுங்கள். பாதரசம் எளிதில் ஆவியாகிற உலோகம். அமிலம் வற்ற வற்ற அதுவும் கூடவே போய்விடுகிறது. யுஎஸ்பி எனும் அமெரிக்க மருந்துத் தர நூலின் பழைய 231 முறையில் இதைவிட மோசம்: சாம்பிளை 500–600 டிகிரியில் சாம்பலாக்கி, சல்ஃபைடு நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டோம். அந்தச் சூட்டில் பாதரசம் ஏறத்தாழ முழுவதும் பறந்துவிடும், ஆனாலும் சாம்பிள் ‘பாஸ்’ ஆகும். 2018 ஜனவரியில் அந்த முறையை எடுத்துவிட்டு 232 (வரம்புகள்), 233 (சோதனை முறைகள்) அத்தியாயங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயாளி விழுங்குகிற பொருளில் இப்படி ஒரு ஓட்டை இத்தனை காலம் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மூடிய வெசல் மைக்ரோவேவ் டைஜெஷனுக்கு (அமிலத்தில் சூடாக்கிக் கரைப்பது) மாறுங்கள். 0.2 கிராம் பொடி, 5 மில்லி நைட்ரிக், 1 மில்லி ஹைட்ரோகுளோரிக் என்று தொடங்கலாம். மூடுவதற்கு முன் சிறிது நேரம் திறந்தே வையுங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரையாக இருந்தால் நுரை பொங்கும், அதை மூடிவைத்துச் சூடேற்றுவது ஆபத்து. முடிந்ததும் வெசல் நன்றாக ஆறும்வரை திறக்க வேண்டாம். ஃபியூம் ஹூடுக்குள் வைத்து, மெதுவாகத் திறவுங்கள்.

அந்த ஹைட்ரோகுளோரிக்கை விட்டுவிடாதீர்கள். நைட்ரிக் மட்டும் இருந்தால், நீர்த்த கரைசலில் பாதரசம் பிளாஸ்டிக் சுவரிலும் கருவியின் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த சாம்பிளில் மெல்லக் கசியும். குளோரைடு அதைப் பிணைத்துக் கரைசலிலேயே நிறுத்திவைக்கும். சிலர் தங்கக் கரைசல் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் குளோரின் ஆர்கானோடு சேர்ந்து நிறை 75இல் ஆர்சனிக் போலவே வேடம் போடும், ஆக்சிஜனோடு சேர்ந்து 51இல் வனேடியம் போல வரும். அதனால் இந்தப் போலிகளை வடிகட்டும் ஹீலியம் கொலிஷன் செல்லை ஆன் செய்துதான் ஓட்ட வேண்டும்.

நீர்ப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். வாய்வழி மருந்துக்கு ஒரு நாளைய அனுமதி அளவு பாதரசத்துக்கு 30 மைக்ரோகிராம், ஈயத்துக்கு 5. தினசரி டோஸ் 1 கிராம் என்றால், 0.2 கிராமை 50 மில்லி ஆக்கும்போது பாதரசத்தின் வரம்பு 120 பிபிபி (நூறு கோடியில் 120 பங்கு), ஈயத்தின் வரம்பு 20. கருவிக்குள் 120 பிபிபி பாதரசத்தை விட்டால் கழுவி முடிக்க வெகுநேரம் ஆகும். இன்னும் பத்து மடங்கு நீர்த்தால் 12, 2 என்று ஆகிவிடும், ஈயத்தையும் தாராளமாக அளக்கலாம். அப்போது ஈயத்தின் ப்ளாங்க் (சாம்பிள் சேர்க்காத வெறும் கரைசல்) சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு டிரேஸ் மெட்டல் கிரேடு அமிலமும், கண்ணாடிக்குப் பதில் அமிலத்தில் ஊறவைத்த பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கும் தேவை. பொடி எடுக்க எவர்சில்வர் ஸ்பாட்டுலாவும் வேண்டாம், நிக்கல் அதிலிருந்துகூட வரலாம்.

மாற்றியபிறகும் குறைந்தால் இரண்டு ஸ்பைக் (தெரிந்த அளவு பாதரசம் சேர்ப்பது) போடுங்கள். ஒன்று, எடைபோட்ட பொடியில், அமிலம் ஊற்றுவதற்கு முன். மற்றொன்று, டைஜெஷன் முடிந்த கரைசலில். முதலாவது குறைந்து இரண்டாவது சரியாக வந்தால் இழப்பு வெசலில்தான்: மூடியின் சீல், வென்ட் ஆன (அழுத்தத்தில் வாயு வெளியேறிய) தடயம் இவற்றைப் பாருங்கள். இரண்டுமே குறைந்தால் பாதரசம் சுவரில் ஒட்டுகிறது அல்லது மேட்ரிக்ஸ் (கரைசலில் உள்ள மற்ற பொருள்கள்) சிக்னலை அமுக்குகிறது. ஸ்டாண்டர்டிலும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) அதே அமில விகிதம் இருக்கிறதா என்று அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். 233 கேட்பது 70 முதல் 150 சதவீதம் வரையான ரெகவரி. வரம்பு தாராளம்தான், ஆனால் திறந்த பீக்கரை வைத்துக்கொண்டு பாதரசத்தில் அதை நம்பிக்கையோடு எட்ட முடியாது.