கல்மரம் பார்த்து வந்த மகளுக்கு என்ன படிப்பு?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன் முடித்த மகள், பயாலஜி மேத்ஸ் குரூப், நல்ல மதிப்பெண், நீட் வகுப்புக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்புறம் பள்ளியில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப் போனார்கள், அன்றிலிருந்து டாக்டர் படிப்பு வேண்டாம், கல்லாய்ப் போன மரங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இதெல்லாம் ஒரு படிப்பா, சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவளோடு அவள் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும்தான் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சோறு போடும். ஆனால் மெதுவாகத்தான் போடும். வேலை இடங்கள் குறைவு, முதல் நிலையான சம்பளம் வர 28, 30 வயது ஆகலாம், அதுவரை ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கும். இதை நான் மறைக்க மாட்டேன், நீங்களும் அவளிடம் மறைக்காதீர்கள். அதே நேரம் அவளுக்கு வந்திருப்பது பள்ளிப் பயணத்தின் வெறும் உற்சாகமா, நிஜமான ஆர்வமா என்று பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லிவிடுவதும் நியாயமில்லை.

அதைப் பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சாத்தனூரில் அவள் பார்த்த மரம் சுமார் 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழசு. 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் காட்டியது. அது பூக்கிற மரம் இல்லை, ஊசியிலை மரங்களின் இனம், மகரந்தத்தைக் காற்றில் விடுகிற ரகம். இப்போது அவளைத் திருவக்கரைக்குக் கூட்டிப் போங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழசுதான். அங்கே புளிய மரத்தின் குடும்பம், மருத மரத்தின் குடும்பம் என்று நமக்குத் தெரிந்த பூக்கும் மரங்களின் சொந்தக்காரர்கள் கல்லாகிக் கிடக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 10 கோடி வருஷம். அந்த இடைவெளியில்தான் பூக்கும் தாவரங்கள் உலகத்தைப் பிடித்தன. பார்த்துவிட்டு வந்ததும் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நடுவில் என்ன நடந்திருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்? இணையத்தில் பார்த்து எழுதினாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டாளா, இல்லை பத்து நாள் கழித்தும் அதிலேயே கிடக்கிறாளா என்று கவனியுங்கள்.

அவள் கிடப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் விஷயம் அப்படிப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா மாவட்டத்தில் மோகாவ்ன் கலான் என்று ஓர் ஊர். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பாய்ந்த காலத்தில், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் நடுவே அங்கே தேங்கிய நீர்நிலையில் செடிகள் வளர்ந்து, பூத்து, காய்த்து, சிலிக்கா ஊறிக் கல்லாகிப் போயின. கிட்டத்தட்ட ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். அந்தக் கல்லை வெட்டி, முகத்தை அமிலத்தில் லேசாக அரித்து, மெல்லிய பிலிமை ஒட்டி உரித்து எடுத்தால், செல்லின் சுவர் உட்பட அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பூவுக்குள் இருக்கும் மகரந்தத்தைக்கூட நுண்ணோக்கியில் பார்க்கலாம். பர்மாவில் கிடைத்த 9.9 கோடி ஆண்டு ஆம்பர், அதாவது கெட்டியாகிப் போன மரப்பிசின், துண்டு ஒன்றுக்குள் ஒரு சின்ன வண்டு மாட்டியிருந்தது, அதன் உடம்பெல்லாம் பூந்தாது. 2019இல் வெளியான ஆய்வு அது. பூவுக்கும் பூச்சிக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் கையும் களவுமாகப் பிடிபட்டது போல. பதினாறு வயதில் இதைக் கேள்விப்படுகிற பிள்ளைக்குத் தூக்கம் வராவிட்டால் நான் அதை வியாதி என்று சொல்ல மாட்டேன்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் இதே ஆசையோடு வந்த ஒரு பையனுக்கு, தாவரப் புதைபடிவம் தாவரத்தைப் பற்றியதுதானே என்று பி.எஸ்சி. பாட்டனி எடுக்கச் சொன்னேன். எம்.எஸ்சி.யும் பாட்டனியே முடித்தான். ஜி.எஸ்.ஐ. என்கிற இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர யு.பி.எஸ்.சி. நடத்துகிற தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், ஜியாலஜிஸ்ட் பணிக்கு முதுகலை ஜியாலஜியோ அதைச் சேர்ந்த பாடமோ வேண்டும் என்று தெரிந்தது. அவனுடைய ஐந்து வருஷம் என் கவனக்குறைவால் ஒரு கதவை மூடிவிட்டது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் துறை பாட்டனிக்கும் ஜியாலஜிக்கும் நடுவில் நிற்கிறது. செடியின் உடலமைப்பு தெரியாமல் கல்லில் இருப்பது என்ன செடி என்று சொல்ல முடியாது, பாறை அடுக்கு தெரியாமல் அது எந்தக் காலத்துச் செடி என்று சொல்ல முடியாது. நம் கல்லூரிகளில் பதினேழு வயதில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிகிறது. ஜியாலஜி என்றால் பாறைகளைப் படிக்கிற நிலவியல், ஜியாகிரஃபி இல்லை, இரண்டையும் தமிழில் புவியியல் என்றே சிலர் எழுதுவதால் விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜியாலஜி எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி இவை எனக்குத் தெரிந்த பழைய துறைகள். திருச்சி உங்களுக்குப் பக்கம்.

ஜியாலஜி எடுத்தால் ஜி.எஸ்.ஐ., ஓ.என்.ஜி.சி., நிலக்கரி நிறுவனங்கள், டி.என்.பி.எஸ்.சி. என்று ஆராய்ச்சிக்கு வெளியே வேலைவாய்ப்பு அதிகம். ஆராய்ச்சி அலுத்துப்போனாலும் தெருவில் நிற்க மாட்டாள். பாட்டனி எடுத்தால் பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராகலாம், ஜியாலஜிக்கு அந்த வழி இல்லை. இன்று வாழ்கிற பூக்கள், தேனீக்கள் பக்கம் போவதற்கும் பாட்டனிதான் நேர்வழி.

இரண்டு கதவையும் திறந்து வைக்கிற வழி ஒன்று உண்டு. உங்கள் மகளுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்: ஐசர். மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள், பூனா, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று ஏழு இடங்களில் இருக்கின்றன. இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. தொடக்கத்தில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டு அப்புறம்தான் பிரிவு எடுக்க வேண்டும். கொல்கத்தாவிலும் போபாலிலும் உயிரியல், பூமி அறிவியல் இரண்டு துறையும் உண்டு. நுழைவுத் தேர்வு ஐ.ஏ.டி.: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி, மொத்தம் 60. அதாவது நீட்டுக்காகப் படிக்கிற மூன்று பாடமும் அப்படியே இதற்கும் உதவும், கணிதம் மட்டும்தான் கூடுதல். ஆகவே நீங்கள் கட்டிய முன்பணம் வீண் இல்லை, வகுப்புக்குப் போகட்டும். வீட்டில் நடக்கிற சண்டைக்கும் இது ஒரு வருஷம் அவகாசம் கொடுக்கும். அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்: அவள் நீட்டை விடவில்லை, கணிதத்தைச் சேர்த்துக்கொள்கிறாள்.

பணக் கணக்கு. முதுகலை வரைதான் உங்கள் கையிலிருந்து செலவு. அடிப்படை அறிவியல் படிக்கிற தகுதியுள்ள மாணவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் இருக்கிறது. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி. செய்கிற காலத்தில் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 முதல் உள்ள தொகை. பெரிய பணம் இல்லை, ஆனால் 23 வயதில் உங்களிடம் கை நீட்டாமல் நிற்கலாம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் சொந்தச் செலவில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ஒரு நிலை வந்தால், அப்போது "வேண்டாம்" சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

பிஎச்.டி.க்கு எங்கே? லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம், இந்தத் துறைக்கு நம் நாட்டின் தலைவீடு. 1949 ஏப்ரல் 3இல் நேரு அடிக்கல் நாட்டினார், ஒரே வாரத்தில் அதைத் தொடங்கிய விஞ்ஞானி சாஹ்னி மாரடைப்பில் இறந்துபோனார். அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவருடைய மனைவி சாவித்திரி. பெண் பிள்ளை காடு மேடு அலைய முடியுமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகவே இதைச் சொல்கிறேன். மோகாவ்ன் கலான் கல்லையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஷ்யா சித்தலே நாக்பூரில் தொடங்கி அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் வரை போனவர். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கி, கோயம்புத்தூரில் கரும்பின் பூர்வீகத்தை அதன் குரோமோசோம்களில் தேடினார். களப்பணியில் சிரமம் உண்டு, வெயில் உண்டு, கழிப்பறை இல்லாத இடம் உண்டு. சேர்வதற்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே இருக்கிற மாணவிகள் இருவரிடமாவது பேசச் சொல்லுங்கள், வழிகாட்டி எப்படி, களத்துக்கு யாரோடு போகிறார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கல்யாணம் பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை. பிஎச்.டி. நடுவில் கல்யாணம் ஆனவர்களும் உண்டு, அதை முடித்துவிட்டுச் செய்துகொண்டவர்களும் உண்டு.

பக்கத்திலேயே பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. மகரந்த ஆய்வில் பெரிய பெயர் அதற்கு, அந்தப் பெயரை வளர்த்தவர் நம்மூர் தணிகைமணி. 1986இல் கராச்சியில் விமானம் கடத்தப்பட்டபோது உயிரிழந்தார். இன்னும் எத்தனை வேலை செய்திருப்பாரோ.

மகரந்தத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள், அவருக்கு "இதனால் என்ன லாபம்" என்ற கேள்வி இருக்கும். மகரந்தத் துகளின் வெளிச்சுவர் பாறையைக் கரைக்கிற அமிலத்துக்குக்கூட அசையாது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வருகிற பாறைத் தூளில் அந்தத் துகள்களைப் பார்த்து எந்தக் காலத்து அடுக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். பூமியின் சூட்டில் அந்தச் சுவர் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுப்பாகும், அந்த நிறத்தை வைத்து அங்கே எண்ணெய் உருவாகும் அளவு வெப்பம் இருந்ததா என்றும் கணிப்பார்கள். தேன் எந்தப் பூவின் தேன் என்று சோதிப்பதும் இதே வித்தைதான். ஏலக்காய்த் தோட்டக்காரர்களைக் கேளுங்கள், தேனீ வராவிட்டால் காய்ப்பு என்ன ஆகும் என்று சொல்வார்கள். "அத்தி பூத்தாற்போல" என்கிறோம், அத்தி பூக்காமல் இல்லை, காய்க்குள்ளேயே பூத்து ஒரு சின்னக் குளவியை மட்டும் உள்ளே விடுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் அதைப் பல வருஷமாக ஆராய்கிறார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஐசர் தளத்தில் பழைய கேள்வித்தாள்களை எடுத்துக் கணிதப் பகுதியை மட்டும் வாரத்துக்கு ஒன்று போடட்டும். திருவக்கரைக்குப் பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் போகாதீர்கள், வேறொரு நாள் காலையிலேயே போங்கள், கல்மரப் பூங்கா கோயிலுக்குப் பக்கம்தான். நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் துண்டுகூட எடுத்து வரக்கூடாது, அது தேசிய நினைவுச்சின்னம், நோட்டில் வரைந்துகொண்டு வரட்டும். முடிந்தால் அவள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். அவள் எழுதுகிற பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு அவளுக்கே பதில் எழுதுகிறேன்.