முதல் பாடத்தோடு மூடிய புத்தகம்

கேள்வி: குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் சட்டங்கள் எல்லாம் தொழிலாளிக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லி அவன் வேலைக்கே உலை வைக்கின்றன. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம். இது ஏன் உங்களுக்குப் புரியவில்லை?

பதில்: புரிகிறது. நீங்கள் முதல் பாடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள் என்பதும் புரிகிறது.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிநேரக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் பழைய கூலிதான். டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளில் ஆள் கணக்கு எடுத்தார்கள். உங்கள் பாடப்படி நியூஜெர்சியில் ஆள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. வேறு தரவைக் காட்டி மறுத்தவர்களும் உண்டு, சண்டை பல வருடம் நடந்தது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் பாவம், 2019-லேயே காலமாகிவிட்டார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கூலியைச் சந்தை நிர்ணயிக்கிறது என்கிறோம். பல இடங்களில் நிர்ணயிப்பது முதலாளி. வேறு வேலை தேடக் கையில் காசும் நேரமும் இல்லாதவன், தன் உழைப்பு ஈட்டித் தருவதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் இருந்துகொள்வான். அந்த இடைவெளிக்குள் கூலியை ஏற்றினால் வேலை போக வேண்டிய அவசியமில்லை. லாபம் கொஞ்சம் குறையும், விலை கொஞ்சம் ஏறும். ஆட்கள் அடிக்கடி விட்டுப் போவது குறைவதால் முதலாளிக்கும் ஒரு மிச்சம் உண்டு.

இடைவெளியைத் தாண்டினால்? சரி, அங்கே உங்கள் பாடம் பலிக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் குறைந்தபட்ச மணிநேரக் கூலியை 13 டாலர் வரை ஏற்றியபோது, குறைந்த கூலி வேலைகளின் மணிநேரம் வெட்டுப்பட்டதாக வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். அனுபவசாலிகளுக்கு வருமானம் கூடியது. புதிதாக வருபவர்கள்தான் வாசலில் நின்றார்கள்.

ஓவர்டைம் கதை வேறு. கூடுதல் நேரத்துக்குத் தரும் ஒன்றரை மடங்கு கூலியைத் தொழிலாளிக்கான சலுகை என்றே நினைக்கிறோம். 1938-இல் அமெரிக்கா சட்டம் போட்டபோது அது முதலாளிக்கான அபராதமும்கூட: பத்துப் பேரைக் கசக்காதே, பதினோராவது ஆளை எடு. முதலாளி என்ன லேசுப்பட்டவரா? புது ஆளுக்குப் பயிற்சி, காப்பீடு என்று கூட்டிப் பார்த்தால், பழைய ஆளுக்கு ஓ.டி. கொடுப்பதே மலிவு. அடிப்படைக் கூலியைக் கீழே வைத்துவிட்டால் இன்னும் வசதி. ஓ.டி. சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும் என்றாகிவிடும், அப்புறம் தொழிலாளியே வந்து "இந்த வாரமும் ஓ.டி. போடுங்க சார்" என்று நிற்பான். அடியில் குறைந்தபட்சக் கூலி என்ற தரை இருந்தால்தான் இந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லை வரும்.

அந்த எல்லையையும் தாண்ட ஒரு வழி இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் மாதச் சம்பளம் வாங்குபவருக்குப் பொதுவாக ஓ.டி. கிடையாது. ஆகவே கல்லாவில் நிற்பவருக்கு 'உதவி மேலாளர்' என்று ஒரு பட்டம். மறுநாளும் அவர் அதே கல்லாவில்தான் நிற்பார், இரண்டு மணிநேரம் கூடுதலாக.