இருமினால் கசிகிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

கர்ப்பகாலத்தில் இடுப்புத்தளத் தசைகளுக்கு அளிக்கப்படும் பிசியோதெரபி குறித்து வந்த கடிதங்களுக்கு, சென்னையில் பணியாற்றும் மகளிர் நலப் பிசியோதெரபி மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார். வாசகர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

எனக்கு வயது 29, இது ஏழாம் மாதம். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் வந்து, பார்க் நிலையத்தில் வண்டி மாறி, கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குச் செல்கிறேன். ஒரு மாதமாக இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. மின்சார ரயிலில் கழிவறை இல்லை என்பதால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். "பிள்ளை பெற்றால் தானாகச் சரியாகிவிடும், எனக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போதும் அவ்வப்போது இருக்கிறது" என்கிறார் அம்மா. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (வாசகி, பெரம்பூர்)

அன்புச் சகோதரி, உங்கள் அம்மா சொன்னதன் கடைசிப் பகுதியை மறுபடியும் படித்துப் பாருங்கள். தானாகச் சரியாகிவிடும் என்று சொல்கிறவருக்கே இத்தனை ஆண்டுகளாகியும் அது சரியாகவில்லை. சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் கசிவு நின்றுவிடுவது உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் நின்றுவிடுவதில்லை. யாருக்கு நிற்கும், யாருக்கு நிற்காது என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. அம்மாவைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இதற்கென்று ஒரு பயிற்சி இருப்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இத்தகைய தொல்லை இருந்தால், அந்தக் கர்ப்பிணிக்கு 20-ஆம் வாரத்திலிருந்தே மூன்று மாதம் மேற்பார்வையுடன் பயிற்சி அளிப்பது குறித்துப் பரிசீலிக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. எனவே, அம்மா சொன்ன செய்தியை உங்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, ஒரு தூளியைப் போலத் தொங்கி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குபவையே இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பத்தில் கருப்பையின் எடை நாளுக்கு நாள் ஏறுகிறது. சுரப்பிகளின் மாற்றத்தால் தசைநார்கள் இளகுகின்றன. இருமும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் இந்தத் தூளியின் மேலும் விழுகிறது. அந்தக் கணத்தில் தசை இறுகாவிட்டால் சிறுநீர் கசியும். ஆகவே, இருமல் வருவதை உணர்ந்தவுடன், இருமுவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த ஒன்றே பலருக்கு விரைவில் பலன் தருகிறது.

பயிற்சியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தொடங்குங்கள். ஆசனவாயில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலவும், கூடவே சிறுநீரை அடக்குவதுபோலவும் மூச்சை வெளியே விட்டபடி மேல்நோக்கி இழுங்கள். ஐந்து நொடி தாங்க முடிந்தால் ஐந்து, மூன்றுதான் முடியுமென்றால் மூன்று. அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்திவிட்டு மறுபடி இழுங்கள். எட்டு முறை என்பது ஒரு சுற்று. ஒரு நாளைக்கு மூன்று சுற்றுகள். சில வாரங்களில் பத்து நொடி வரை போகலாம். பிட்டமோ தொடையோ இறுகினாலும், மூச்சு நின்றாலும், வேறு தசை வேலை செய்கிறது என்று பொருள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகலாம்.

தண்ணீரைக் குறைப்பதுதான் நீங்கள் செய்யும் பெரிய தவறு. சென்னை வெயிலில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும்; அவசர உணர்வு குறையாது, கூடவே செய்யும். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவத்துக்கும் காரணமாகலாம். வீட்டில் குடித்துவிட்டுப் புறப்படுங்கள், வண்டி ஏறும் முன் நிலையக் கழிவறையைப் பயன்படுத்துங்கள், அலுவலகம் சேர்ந்ததும் மீண்டும் குடியுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையால் அது வரக்கூடும். முக்கி முக்கிப் போவது இதே தசைகளைத்தான் நைந்துபோகச் செய்கிறது. கொய்யா, கீரை, வாழைத்தண்டு ஆகியவை உதவும். மேற்கத்தியக் கழிவறையானால் கால்களை ஒரு குட்டை முக்காலியின் மேல் வைத்து அமருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இருமலோ தும்மலோ இல்லாமலேயே நீர் தொடர்ந்து ஒழுகினால், சிறுநீர் வாடை இல்லாமல் தெளிவாக இருந்தால், அது பனிக்குட நீராக இருக்கலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைபேசிச் செயலி ஒன்றைப் பார்த்து, கெகல் பயிற்சியை (இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது) ஒரு நாளைக்கு 200 முறை செய்து வந்தேன். இப்போது ஐந்தாம் மாதம். சிறுநீர் முழுதாகப் போகாத உணர்வும், கணவருடன் சேரும்போது வலியும் தொடங்கிவிட்டன. நான் இன்னும் கூடுதலாகச் செய்ய வேண்டுமா? (வாசகி, சோழிங்கநல்லூர்)

வேண்டாம், சகோதரி. இன்றே நிறுத்துங்கள். இடுப்புத்தளத் தசை பலவீனமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, இறுகிப்போயும் இருக்கலாம். முஷ்டியை மூடியபடியே நாள் முழுவதும் வைத்திருந்தால் மாலையில் ஒரு பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இறுகிய தசையில் வரக்கூடியவை. அத்தகைய தசைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது தளர்வதையே: வயிறு மெல்ல உப்பும்படி மூச்சை உள்ளிழுக்கும்போது தசை கீழிறங்கி விரிவதை உணர்வது, கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிய நிலையில் முதுகைத் தளர விடுவது, கால்களை அகல வைத்து உட்கார்ந்து மூச்சு விடுவது. இவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு பிசியோதெரபி மருத்துவரை நேரில் பாருங்கள். சிறுநீர்த் தொற்று இல்லை என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1948-இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், பெண்களிடம் "இறுக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. சரியான தசைதான் இறுகுகிறதா என்று அளந்து காட்ட ஒரு கருவியையும் அவரே உருவாக்கினார். அவருடைய பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது, ஆனால் அந்தச் சரிபார்ப்பு பின்தங்கிவிட்டது. கைபேசி எண்ணிக்கையைச் சொல்லும். உங்கள் தசை எந்த நிலையில் இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் வருந்துகிறது, ஏனெனில் மிகுந்த அக்கறையோடு முயன்றவர்களே இந்த வலியோடு வருகிறார்கள்.

என் மகளுக்கு எட்டாம் மாதம். சென்ற வாரம்தான் வளைகாப்பு முடிந்தது. முன்பக்க இடுப்பெலும்பில் வலி என்று மருத்துவர் பிசியோதெரபிக்கு அனுப்புகிறார். உள்ளே கைவிட்டுப் பரிசோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து இல்லையா? (வாசகி, மயிலாப்பூர்)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதனால் மகளைத் தடுத்துவிடாதீர்கள். இந்த வலிக்கு உட்பரிசோதனை பெரும்பாலும் தேவையே இல்லை. நடை, நிற்கும் விதம், முதுகு, இடுப்பு மூட்டு, வயிற்றுத் தசை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கலாம். உட்பரிசோதனை உதவும் என்று கருதினால், காரணத்தை விளக்கி, மகளின் சம்மதத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அது அங்கேயே முடிந்தது. நடுவில் நிறுத்தச் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. ரத்தக்கசிவு, நச்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், பனிக்குடம் உடைந்திருத்தல், குறைப்பிரசவ அறிகுறி ஆகியவை இருந்தால் உட்பரிசோதனை செய்யக் கூடாது. ஆகவே ஸ்கேன் அறிக்கையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

அதுவரை மகள் உடை மாற்றும்போது உட்கார்ந்தபடியே மாற்றட்டும்; மாடிப்படியை ஒவ்வொரு படியாக ஏறட்டும்; படுக்கையில் புரளும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து இரண்டு கால்களையும் சேர்த்தே திருப்பட்டும். "குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம்" என்று உறவினர்கள் சொல்வார்கள். உடல் அசைவு நல்லதுதான், ஆனால் இந்த வலி உள்ளவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமப்பதும், குந்தி உட்கார்ந்து வாசலில் பெரிய கோலம் போடுவதும் வலியைக் கூட்டும்.

தசையை வலுவாக்கினால் பிரசவத்தில் குழந்தை வெளியே வரச் சிரமம் ஆகாதா? (வாசகர், தாம்பரம்)

ஆகாது. இந்தப் பயிற்சியால் பிரசவம் கடினமாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இறுக்கவும் விடவும் தெரிந்த பெண்ணுக்கு, தலை இறங்கும் நேரத்தில் எதைத் தளர்த்த வேண்டும் என்பது விளங்கும். மனைவியின் பயிற்சி நேரத்தில் வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டால் அது பெரிய உதவி.

சிசேரியன் என்று முடிவாகிவிட்டது. எனக்கும் இது தேவையா? (வாசகி, திருவொற்றியூர்)

தேவை. ஒன்பது மாதம் எடையைத் தாங்கியது இதே தசைதான். குழந்தை எந்த வழியாக வந்தாலும் அது மாறாது. அறுவைக்குப் பின் சிறுநீர்க் குழாயை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் கழித்த பிறகு, படுத்தபடியே மெதுவாகத் தொடங்கலாம். தையல் இடத்தில் வலி கூடினால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையைத் தையலின் மேல் அணைத்துக்கொள்ளுங்கள்.