தங்கப் பெட்டகம்: படத்திலும் நிஜத்திலும்

கேள்வி: படங்களில் திருடர்கள் தங்கக் கட்டிகளைப் பையில் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்களே, அது நடக்கிற காரியமா? (மதுரை வாசகர்)

பதில்: நடக்காது. முதல் தடை எடைதான். வங்கிப் பெட்டகங்களில் இருக்கும் கட்டி ஏறக்குறைய 400 ட்ராய் அவுன்ஸ், அதாவது 12.4 கிலோ. பத்துக் கட்டி சேர்ந்தாலே 124 கிலோ. தோளில் மாட்டி ஓட முடியுமா? 10 டன் லாரியில் 800 கட்டி ஏற்றினால் பாரம் முடிந்துவிடும். லாரியில் பாதி இடம்கூட நிறைந்திருக்காது. லாரி நிறையத் தங்கம் குவிந்திருக்கும் காட்சிகள் அதனால்தான் பொய்.

அடுத்த தடை பெட்டகம். உதாரணத்துக்கு, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பெட்டகம் தெருமட்டத்துக்கு 80 அடி கீழே, மன்ஹாட்டன் தீவின் அடிப்பாறைமேல் இருக்கிறது. படங்களில் வரும் வட்டக் கதவு அங்கே கிடையாது. 140 டன் சட்டகத்துக்குள் 90 டன் எஃகு உருளை. அதன் நடுவே குடைந்த ஒடுங்கிய பாதைதான் ஒரே வழி. உருளையைக் கால்வட்டம் திருப்பினால் பாதை மறையும். பிறகு அதைச் சற்றே கீழிறக்கினால் காற்றும் தண்ணீரும் புகாது. நேரப்பூட்டு விழுந்துவிட்டால், குறித்த நேரம் வரும்வரை ஊழியர்களாலும் திறக்க முடியாது. ஆளை மிரட்டித் திறக்க வைக்கும் காட்சி இங்கே எடுபடாது.

உள்ளே ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, இரண்டு எண்பூட்டு, தணிக்கையாளர் முத்திரை. கட்டியை நகர்த்தும்போது மூன்று பேர் உடனிருக்க வேண்டும். தூக்குபவர் காலணிமேல் மெக்னீசியக் கவசம் அணிவார்; கட்டி கைநழுவினால் பாதம் நொறுங்கிவிடும்.