வலப்பக்க ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றலாமா?

கேள்வி: ஜப்பானிலிருந்து 1997ஆம் ஆண்டின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்33) ஒன்றை இறக்குமதி செய்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டிப் பழகியவன் என்பதால் வலப்பக்க ஸ்டியரிங் எனக்குப் புதிதன்று. ஆனால் இங்கே சாலையின் வலப்புறத்தில் அப்படி ஓட்டுவது தடுமாற்றமாக இருக்கிறது. என் மனைவி அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே மறுக்கிறார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றித் தர 22,000 டொலர் ஆகும் என்று ஒரு கராஜ் சொல்கிறது. செய்யலாமா? (வாசகர், மார்க்கம், ஒன்ராறியோ)

பதில்: செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டம் உங்களிடம் கேட்காத ஒரு வேலைக்குப் பெருந்தொகை கொடுத்து, அந்தக் காரில் மிகக் கவனமாக வடிவமைக்கப்பட்ட பகுதியை வெட்டி ஒட்டச் சொல்கிறீர்கள்.

முதலில் சட்டம். 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குக் கனடாவின் இறக்குமதிப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் கார் இங்கே வந்ததும் அந்த வழியில்தான். அமெரிக்காவில் இதே விலக்குக்கு 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது என்பதற்காக ஒன்ராறியோவில் இலக்கத்தகடு மறுக்கப்படுவதில்லை. ‘சேஃப்டி’ என்று நாம் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழைப் பெறும்போது பிரேக், சக்கரங்கள், துரு, விளக்குகள் போன்றவைதான் பார்க்கப்படும்.

இப்போது அந்த 22,000 டொலருக்கு என்ன செய்யப்படும் என்று பார்ப்போம். ஸ்டியரிங் சக்கரத்தையும் மிதிகளையும் கழற்றி அடுத்த பக்கம் பூட்டுவதுடன் வேலை முடிந்துவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையில் நிற்கும் தகட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டு, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டர், கிளட்ச் மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஆகிய மூன்றும் அந்தச் சுவரின் வலப்பக்கத்தில்தான் துளையிட்டுப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஓங்கி பிரேக் மிதிக்கும் காலின் விசையைத் தாங்குவதற்காக அந்த இடம் வலுவூட்டப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்தில் அந்த வலுவூட்டல் இல்லை. அங்கே புதிதாகத் துளையிட்டு, தகடு வைத்து வெல்டிங் செய்து, பழைய துளைகளை மூட வேண்டும். மோதலின்போது அந்தச் சுவர் எப்படி மடங்க வேண்டும் என்று நிசான் சோதித்தது பழைய வடிவத்தைத்தான். புதிய வடிவத்தை எவரும் சோதிக்கப் போவதில்லை.

அடுத்தது இடநெருக்கடி. உங்கள் காரில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால், அதாவது இடப்பக்கத்தில், ஹீட்டரின் காற்றாடி இருக்கிறது. புதிய மிதிகள் வரவேண்டிய இடமும் அதுவே. அதற்குக் கீழே, இடப்பக்கப் பயணியின் பாதத்தருகே உள்ள பக்கச்சுவரின் உறைக்குள் எஞ்சினின் கணினி இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது அந்த உறையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறப் பெட்டி ஒன்றும், அதிலிருந்து கையளவு தடிமனில் கிளம்பும் வயர்க் கட்டும் தெரியும். மாற்றத்தின்போது அந்தக் கட்டை வெட்டி நீட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய ஒவ்வொரு இணைப்பும் கனடாவின் குளிரிலும் உப்பிலும் பிற்காலத்தில் பழுது கிளம்பக்கூடிய இடமாகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து மழை நாளொன்றில் கார் கிளம்பாமல் நின்றால், எந்த மெக்கானிக்கின் கையிலும் அந்த வயரிங்குக்கான வரைபடம் இருக்காது. காற்றுப்பைகளின் வயர்களும் இதே கட்டுகளோடு சேர்ந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் அறையிலும் தாராளமான இடம் கிடையாது. உங்கள் காரின் ஆர்பி26 எஞ்சின் இரட்டை டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின். ஒரு பக்கம் காற்றை உள்ளிழுக்கும் குழாய்கள், மறுபக்கம் டர்போக்கள் என்று இரு பக்கமும் நிறைந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்துக்காக முன் அச்சுத்தண்டு எண்ணெய்த் தொட்டியின் ஊடாகவே செல்லும்படி அமைத்திருக்கிறார்கள் என்றால், கீழே எவ்வளவு நெருக்கடி என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்த இடைவெளிகளுக்குள் புதிய ஸ்டியரிங் தண்டை எங்கே நுழைப்பது, டர்போவின் வெப்பத்திலிருந்து பிரேக் குழாயை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அந்த கராஜ்காரர் தன் கைப்பழக்கத்தால் தீர்மானிக்க வேண்டியவை. ஆர்33 ஜிடி-ஆர் இடப்பக்க ஸ்டியரிங்குடன் எந்த நாட்டிலும் விற்கப்படவில்லை. ஆகவே பார்த்துச் செய்யத் தொழிற்சாலை மாதிரியோ வாங்கிப் பொருத்த அசல் டாஷ்போர்டோ கிடையாது. பிற நிசான் கார்களின் பாகங்களும் கண்ணாடி இழை வார்ப்புகளும்தான் வழி.

மலிவு விலையில் செய்பவர்கள் இதைவிட மோசமான குறுக்குவழிகளையும் கையாளுவதுண்டு. ஸ்டியரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் சைக்கிளைப் போல ஒரு சங்கிலி போட்டு இடப்பக்கச் சக்கரத்தின் திருப்பத்தை வலப்பக்கம் கொண்டுபோவது ஒன்று. பிரேக் பூஸ்டரை நகர்த்தாமல் குறுக்கே ஒரு கம்பியைக் கொடுத்து மிதியோடு இணைப்பது மற்றொன்று. சங்கிலி தளர்ந்தால் கையிலுள்ள சக்கரத்துக்கும் சாலையிலுள்ள சக்கரங்களுக்கும் இடையே தாமதம் ஏற்படும். குறுக்குக் கம்பி வளைந்து கொடுத்தால் பிரேக் மிதி பஞ்சு போல அமுங்கும். எந்த முறையில் செய்வதாக அந்த கராஜ் எழுத்தில் கொடுத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்கள் சொல்லாததால் நீங்களும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கார்களை வாங்குபவர்கள் தேடுவது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைத்தான். வலப்பக்க ஸ்டியரிங் அவர்களுக்குக் குறையன்று, அடையாளம். 22,000 டொலர் செலவழித்த பின் உங்கள் காரின் மதிப்பு கூடாது, குறையும். மாற்றம் செய்ததைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். தெரிவித்தால் அவர்கள் தயங்கக்கூடும், மறைத்தால் விபத்தின் பின் இழப்பீடு சிக்கலாகும்.

இதனால் உங்கள் தடுமாற்றம் பொய் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொதுத்துறை வாகனக் காப்புறுதி நிறுவனமான ஐசிபிசி 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று, வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் தம் தவறால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்று கண்டது. காரணம் எளியது. ஊரில் வலப்பக்க ஓட்டுநர் இருக்கை சாலையின் நடுக்கோட்டருகே இருந்தது. இங்கே அதே இருக்கை சாலையோரத்தில் இருக்கிறது. அல்கொன்குவின் பூங்கா வழியாகச் செல்லும் 60ஆம் நெடுஞ்சாலை போன்ற இருவழிச் சாலையில் லாரி ஒன்றை முந்த வேண்டுமானால், எதிரே வருவது தெரிவதற்குள் காரின் பெரும்பகுதி எதிர்த்தடத்துக்குப் போய்விடும். இடப்பக்கம் அமர்ந்திருக்கும் மனைவி எட்டிப் பார்த்து ‘வரலாம்’ என்று சொல்வதை நம்பி முந்துவது சாலைக்கும் நல்லதன்று, இல்லறத்துக்கும் நல்லதன்று. எதிர்த்திசைத் தடங்கள் தனியே பிரிக்கப்படாத சாலைகளில் முந்துவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னே செல்லும் லாரியிலிருந்து வழக்கத்தைவிட இருமடங்கு தள்ளியே செல்லுங்கள். தள்ளிச் செல்லச் செல்ல அதைத் தாண்டித் தெரியும் சாலையும் கூடும். முன்பக்க இடது மூலையில் ஒரு சிறு கேமராவும், இடப்பக்கத்துக்குப் பரந்த கண்ணாடியும் சில நூறு டொலரில் முடியும். கட்டண நெடுஞ்சாலையான 407இல், இடப்பக்கம் எட்டிப் பணம் கொடுக்கச் சாவடியே இல்லை. டிரைவ்-த்ரூவில் காப்பி வாங்கத்தான் மனைவியின் உதவி வேண்டியிருக்கும்.

பணத்தை எங்கே செலவழிக்கலாம் என்றால், முகப்பு விளக்குகளில். ஜப்பானில் இடப்புறம் ஓட்டுவதால் அந்த விளக்குகளின் தாழ்ஒளி இடப்பக்கமாகச் சற்றே மேலேறி, நடைபாதையைக் காட்டும்படி அமைந்திருக்கும். இங்கே அந்த மேலேறிய ஒளி நேராக எதிரே வருபவரின் கண்ணில் விழும். இருட்டிய பின் ஒரு சுவருக்கு எட்டு மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தித் தாழ்ஒளியைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்புறம் ஏறுகிறதா என்று உங்களுக்கே தெரியும். ஏறினால், வலப்புறப் போக்குவரத்துக்கு உரிய விளக்குத் தொகுதியைப் பொருத்துங்கள். திருகாணியைத் திருப்பித் தாழ்த்துவது போதாது. உங்கள் சாலைதான் இருட்டாகும்.

மாற்றம் நியாயமாகும் நாடுகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1998ஆம் ஆண்டின் சட்டம் வலப்பக்க ஸ்டியரிங் வாகனங்களைப் பதிவு செய்வதையே தடுக்கிறது. அங்கே வேறு வழி கிடையாது. ஆஸ்திரேலியாவில் எச்எஸ்வி நிறுவனம் 2018 முதல் அமெரிக்க கமாரோ கார்களை எதிர்த்திசையில், அதாவது வலப்பக்கத்துக்கு மாற்றி விற்றது. ஆனால் அது ஒரே மாதிரியான கார்களைத் தொடர் வரிசையில் பிரித்துக் கட்டிய தொழிற்சாலை வேலை. ஒரு கராஜின் மூலையில் ஒரே ஒரு காருக்குச் செய்யும் வேலையை அதோடு ஒப்பிட முடியாது.

கேள்வி: 1994ஆம் ஆண்டின் டொயோட்டா சுப்ரா டர்போ ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. வட அமெரிக்காவில் விற்கப்பட்ட அசல் கார் என்கிறார் விற்பவர். விலை சந்தையைவிட வெகு குறைவு. ஜப்பானியக் காரை மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகம். (வாசகர், ஸ்காபரோ)

பதில்: சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. ஸ்கைலைனைப் போலன்றி இந்தச் சுப்ரா இரு பக்க ஸ்டியரிங்குடனும் தயாரிக்கப்பட்டது. ஆகவே அசல் இடப்பக்கப் பாகங்களைத் தேடி வாங்கி மாற்றினால் மேலோட்டமாகக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் எண் மாறாது. வட அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்ட காரில் ஜேடி2 என்று தொடங்கும் 17 எழுத்து அடையாள எண் இருக்கும். ஜப்பானில் விற்கப்பட்டதில் ஜேஇசட்ஏ80 என்று தொடங்கி ஒரு கோடிட்டு ஏழு இலக்கங்கள் வரும். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், எஞ்சின் அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்ட எண்ணை நேரில் பாருங்கள்.

பின்னர் வலப்பக்க இருக்கையின் முன்னே மண்டியிட்டு, டார்ச் அடித்து டாஷ்போர்டின் கீழே பாருங்கள். மாற்றுபவர்கள் பெரிய பாகங்களை நகர்த்துவார்கள், சிறியவற்றை மறந்துவிடுவார்கள்: பானட்டைத் திறக்கும் நெம்பி வலப்பக்கமே தொங்கும், மூடப்பட்ட துளையின் மேல் சீலண்ட் பூசியிருக்கும், ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஜப்பானிய எழுத்துகள் இருக்கும். 180 கிலோமீட்டருடன் முடியும் வேகமானியும் ஒரு தடயம். மழை நாளில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வைப்பர்கள் பழைய அமைப்பிலேயே இருந்தால் துடைக்கப்படாத மூலை உங்கள் கண்ணுக்கு நேரே வரும்.

எண் ஜேஇசட்ஏ80 என்றிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். விற்பவர் அதை முன்பே சொல்லி, செய்த வேலையின் புகைப்படங்களையும் கராஜின் பற்றுச்சீட்டையும் காட்டியிருந்தால், காரை உயர்த்தி வைத்து ஸ்டியரிங் ரேக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன். அசல் என்று சொல்லி விற்பவரிடம் அந்தச் செலவும் வீண்.