தையல் மெஷின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கால் மெஷினில் தைக்கிறேன். மேலே தையல் சீராக இருக்கிறது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருக்கிறது. பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு) திருகை இறுக்கியும் சரியாகவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தத் திருகைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். அடியில் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் மேல்நூல்தான். மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை என்றால் பிடிப்பு இருக்காது. ஊசி கீழே கொண்டுபோன நூல் மேலே ஏறாமல் அங்கேயே தங்கிவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் தட்டுகள் விலகும். அந்த நிலையில் நூலை முழுதாக உருவிவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். மேல்நூலை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கும் கொக்கியின் துளையை விட்டுவிட்டாலும் இதேபோல்தான் கொத்து விழும். தட்டுகளுக்கிடையே பஞ்சு அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து பாபின் கேஸ். பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சரசரவென்று தானாக இறங்கினால் தளர்ச்சி. லேசாக உதறும்போது ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். திருகை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பவே வேண்டாம். அந்தத் திருகு பிடித்திருக்கும் தகட்டுக்கு அடியில் ஒரு இழை பஞ்சு சிக்கினாலே பிடிப்பு மாறிவிடும். அதை முதலில் எடுங்கள்.

கடைசியில் மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, இரண்டு மடிப்புக் காட்டன் துண்டில் ஓட்டுங்கள். அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனை இறுக்க வேண்டும். மேலே வெள்ளை தெரிந்தால் தளர்த்த வேண்டும்.

கேள்வி: பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது. காட்டனில் பிரச்சினை இல்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: ஊசியை மாற்றுங்கள். சாதாரண ஊசியோடு பனியன் துணியும் சேர்ந்து ஏறி இறங்குவதால் நூல் வளையம் சரியாக உருவாகாமல், அடியில் நூலைப் பிடிக்கும் ஷட்டிலின் முனை அதைப் பிடிக்காமல் போகிறது. பனியன் துணிக்கென்று முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி விற்கிறது. 11 அல்லது 14 நம்பர் கேளுங்கள். ஊசியை முழுதாக மேலே ஏற்றித் திருகை இறுக்குங்கள். நூல் நுழையும் பக்கத்தில் நீளப் பள்ளம் இருக்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. மாறியிருந்தால் எந்தத் துணியிலும் தையல் விழாது. பொதுவாக, பட்டு, ஷிஃபானுக்கு 9 அல்லது 11, காட்டன் ஜாக்கெட்டுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 எடுபடும்.

கேள்வி: வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை மெஷினுக்கு விட்டோம். இப்போது சக்கரம் இறுகிவிட்டது.
– வாசகர், திருச்சி

பதில்: தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாகித் தூசியோடு இறுகும். இரும்பு உடல் கொண்ட பழைய மெஷின் என்றால், நெருப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒரு இரவு ஊறட்டும். மோட்டார் வைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டே இதைச் செய்ய வேண்டும், மோட்டார் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. மறுநாள் கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு, கடையில் கிடைக்கும் வெள்ளை மெஷின் எண்ணெய் துளைக்கு ஒரு சொட்டு விடுங்கள். ஷட்டில் ஓடும் வளையத்தில் ஒரு சொட்டு போதும். பழந்துணியில் கொஞ்ச நேரம் நூலில்லாமல் ஓட்டி, மிச்ச எண்ணெய் வடிந்த பிறகே நல்ல துணியை வையுங்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சக்கரம் வழுக்கும்.